அம்மா எழுதாத எட்டு வரி

ஹென்சடா
1972 ஜூன் 11

அன்பு அக்காவுக்கு,

தங்கை மே பியு வணங்கி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், பூனை நால்வரும் சுகம். யாத்திரைக் கூட்டத்தோடு நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வடக்கே வெயில் மண்டையைப் பிளக்குமாமே.

எல்லோரும் தூங்கின பிறகு கொசுவலைக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தூணில் தொங்கும் வீட்டுத் தேங்காய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் குடியிருக்கும் காவல் தெய்வம் நெருப்பில் வெந்து செத்தவர், அவர் கண்ணெதிரே சுடர் ஏற்றக் கூடாது என்று அம்மா சொல்வாளே. மெழுகுவர்த்தியை ஒரு தகர டப்பாவால் மறைத்திருக்கிறேன். ஆனாலும் முதுகு கூசுகிறது.

பகலில் எழுத முடியாததற்குக் காரணம் இருக்கிறது. நேற்று தலையணை உறையைக் கழற்றினபோது உள்ளே துணி முடிச்சு ஒன்று கிடைத்தது. அதில் உன் தோடு. காதுகுத்து அன்று அப்பா போட்டுவிட்ட அதே தோடு. புத்தர் கோவில்களைக் கும்பிடப் போகிறவள் தோட்டைக் கழற்றித் தங்கச்சியின் தலையணைக்குள் ஏன் ஒளித்துவைக்க வேண்டும்? திருட்டு பயம் என்றால் அம்மாவிடம் கொடுத்திருக்கலாம். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லட்டுமா வேண்டாமா என்று நீதான் எழுத வேண்டும்.

கோ சான் லுவின் இன்று காலையும் நம் மொஹிங்காக் கடைக்கு வந்தார். மீன்குழம்பும் சேவையுமாக மூன்று கிண்ணம் குடித்தார். "மாப்பிள்ளை, அது வயிறா, நெல்லுப் படகா?" என்றாள் அம்மா. "அரிசி ஆலையில வளர்ந்த வயிறு அத்தை, காலியா இருந்தா எதிரொலிக்கும்" என்றார். கடையே சிரித்தது. அவருக்கு நீ திரும்பி வரும் தேதி தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதை நேரே கேட்க வெட்கம்.

மழைக்கால நோன்பு மூன்று மாதமும் கல்யாணம் கூடாது என்பதால், நோன்பு முடிந்ததும் முதல் நல்ல நாளில் உனக்குக் கல்யாணம் என்று பேசிவிட்டார்கள். நீ இன்னும் மூன்று வாரத்தில் வந்துவிடுவாய்தானே?

பதிலை என் பள்ளித்தோழி கின் லே வீட்டு முகவரிக்குப் போடு. வீட்டுக்கு வரும் கடிதத்தை அப்பா சத்தமாகப் படிப்பார்.

உன் காலில் விழுந்து,
மே பியு


பகான்
ஜூன் 20

எலிக்குட்டிக்கு,

சிங்கம் எழுதுவது. நான் சுகம். குதிகாலில் ஒரு கொப்புளம், அதைத் தவிர. கோவில் முற்றத்துக் கல்லெல்லாம் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் நிழலுக்கு நிழல் குதித்து ஓடுகிறோம். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

எங்கள் கூட்டத்தை நடத்தும் டோ கின் ஸோவுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் தினமும் சண்டை. "ஒரே நாள்ல முப்பது கோவில் கும்பிடணும்" என்கிறார் அவர். "உங்க முப்பதுக்கு நான் வந்தா முப்பத்தோராவதா என்னையும் கும்பிட வேண்டியதுதான்" என்று அந்த அம்மா ஒரு தூண் நிழலில் படுத்துவிட்டார். போப்பா மலைக்கும் போனோம். நம் வீட்டுத் தேங்காயில் இருப்பவருக்கு அதுதான் தலைமை இடம். அங்கே ஒரு குரங்கு என் பூக்கொத்தைப் பிடுங்கித் தின்றது. நான் பிறந்த செவ்வாய்க்குச் சிங்கம் என்றால் நீ பிறந்த வியாழனுக்கு எலிதானே, உனக்காகப் பெரிய கோவிலில் வியாழக்கிழமை மூலையைத் தேடி, அங்கே இருக்கும் கல் எலிக்குத் தண்ணீர் ஊற்றினேன். உன் வயது பதினாலு, ஆகவே பதினாலு கிண்ணம். அதோடு ஒன்று கூட.

ஒரு சின்னக் கோவிலைப் பற்றி உனக்கு மட்டும் சொல்கிறேன். எள்ளுக்காட்டுக்கு நடுவில் இருந்தது. பூட்டியிருந்தது. சாவி வைத்திருக்கும் குடும்பத்தைத் தேடிப் போய், வயலிலிருந்து ஒரு அம்மாளை அழைத்து வந்தோம். உள்ளே சுவர் முழுக்க ஓவியம், புகையேறிக் கறுத்துப்போய். மற்றவர்கள் நரகக் காட்சியைப் பார்த்து, பொய் சொன்னவனுக்கு என்ன தண்டனை, மாட்டை அடித்தவனுக்கு என்ன தண்டனை என்று விரல் நீட்டிச் சிரித்துவிட்டு வெளியே போனார்கள். நான் பின்பக்க நடையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "ஏ பொண்ணு, பூட்டணும். மாடு அங்க கத்துது" என்று சாவிக்கார அம்மாள் வந்து நின்றபோதுதான் ஒன்று தோன்றியது. பிறந்ததிலிருந்து, யாரும் என்னிடம் எதுவும் கேட்காத முதல் பொழுது அதுதான்.

நாளை மறுநாள் கப்பலேறி மாண்டலே. பிறகு சாகாயிங் குன்று.

படிப்பில் கவனமாக இரு. கணக்கில் கோட்டை விடாதே.

சிங்கம்


ஹென்சடா
ஜூலை 6

அன்பு அக்காவுக்கு,

மே பியு வணங்கி எழுதுவது. நாங்கள் சுகம். மழை பிடித்துக்கொண்டது. ஆறு படிக்கட்டுவரை ஏறிவிட்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையாகவே கேட்கிறேன்.

தோட்டைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. குரங்கு பூ தின்றதை எழுதியிருக்கிறாய்.

நேற்று டோ கின் ஸோ கூட்டம் திரும்பி வந்தது. நீ வரவில்லை. அம்மா துறையில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசி ஆள் இறங்கி, பலகையைக்கூட எடுத்துவிட்டார்கள். டோ கின் ஸோ வாயெல்லாம் வெற்றிலையோடு, "உம் பொண்ணு சாகாயிங்ல ஒரு கன்னிமடத்துல தங்கிட்டா. நோன்பு மூணு மாசமும் ஓதப் படிக்கணுமாம். எம்புட்டு புண்ணியம்! எம்மக இருக்காளே, சினிமாக் கொட்டகையை விட்டு நகர மாட்டா" என்றார்.

அம்மா குடையை இன்னொரு கைக்கு மாற்றினாள். பிறகு, "மூணு மாசந்தானே. கல்யாணத்துக்கு முன்னாடி புண்ணியம் சேர்க்கிறா. சேர்க்கட்டும்" என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது அவளே நம்பிவிட்ட மாதிரி இருந்தது.

அப்பா அதைக் கேட்டுக்கொண்டே சைக்கிளைத் துடைத்தார்.

அக்கா, தோடு என் தலையணைக்குள்தான் இருக்கிறது. ராத்திரி தலை வைத்தால் குத்துகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

மே பியு


சாகாயிங்
ஜூலை 12

எலிக்குட்டிக்கு,

சிங்கம் எழுதுவது. நான் மிகவும் சுகம். நீ பயப்படுவதாக எழுதியது மட்டும் சங்கடம்.

உன்னிடம் மறைக்கப் போவதில்லை. நான் துறவுப் பெண்ணாகத் தலை மழித்து, சீலம் என்னும் துறவு விரதம் எடுக்கப் போகிறேன். நோன்பு முடியும்வரை மட்டும் இல்லை. எப்போதைக்கும்.

மடத்துத் தலைவியைச் சயாஜி என்று கூப்பிடுகிறோம். எழுபது வயது. படியேறும்போது எங்களுக்கு முன்னால் போய் நின்று, "இளசுகளா, மூச்சு இருக்கா?" என்று கேட்பார். "அம்மா அப்பா சம்மதம் உண்டா?" என்று முதல் நாளே கேட்டார். உண்டு என்று சொல்லிவிட்டேன். "நல்லது. எழுதி வாங்கு. நோன்பு தொடங்கும் பௌர்ணமிக்குள்ள கடிதம் வந்தா சீலம். வரலைன்னா அடுத்த கப்பல்ல வீடு" என்கிறார். பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் அவர் யார் தலையிலும் கத்தி வைப்பதில்லை.

அம்மாவிடம் கேட்டால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். அழ மாட்டாள். சாப்பிடாமல் இருப்பாள். அதற்குப் பிறகு என்னால் எதுவும் செய்ய முடியாது.

அம்மா சொல்லச் சொல்ல அவளுடைய கடிதங்களையெல்லாம் எழுதுகிறவள் நீதான். பெரிய மாமாவுக்குப் போகும் கடிதமும், மீன்காரனுக்குப் போகும் சீட்டும் உன் கையெழுத்துதான். அம்மா எப்படிப் பேசுவாள், எங்கே நிறுத்துவாள் எல்லாம் உனக்கு அத்துப்படி. எட்டு வரி போதும், எலிக்குட்டி. பௌர்ணமி 26ஆம் தேதி. 24க்குள் கிடைக்க வேண்டும்.

முடியாது என்றால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சிங்கம்


ஹென்சடா
ஜூலை 17

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்.

எழுதிவிட்டேன். உள்ளே தனித்தாளில் இருக்கிறது.

மூன்று ராத்திரி ஆனது. முதல் நாள் 'என் மகள் ஞோ ஞோ' என்பதோடு நின்றுவிட்டேன். இரண்டாம் நாள் அப்பா தண்ணீர் குடிக்க எழுந்தார். மெழுகுவர்த்தியை வாயால் ஊதி அணைத்தேன், உதடு சுட்டுக் கொப்பளித்தது. காலையில் அம்மா, "என்னடி வாய்ல?" என்றாள். "சூடான மொஹிங்கா" என்றேன். "திருட்டுத்தனமா தின்னா சுடத்தான் செய்யும்" என்று எனக்கே ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தாள்.

'மகிழ்ந்த மனதுடன் என் மகளைத் தருமத்துக்குக் கொடுக்கிறேன்' என்று ஆறாவது வரியில் எழுதியிருக்கிறேன். அப்படித்தான் எழுதுவார்கள் என்று கின் லேயின் அண்ணன் துறவியானபோது பார்த்திருக்கிறேன். அந்த வரியை எழுதும்போது வலைக்கு வெளியே அம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

நீ பார்த்த கோவிலில், பொய் சொன்னவனுக்கு என்ன தண்டனை என்று வரைந்திருந்தது? எழுது. இல்லை, எழுத வேண்டாம்.

கின் லே இந்தக் கடிதங்களைக் காதல் கடிதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். "யாருடி அந்த மாண்டலேக்காரன்? மீசை உண்டா?" என்று வகுப்பில் குடைகிறாள். உண்டு என்று சொல்லிவிட்டேன். ஒரு பொய்க்குப் பிறகு மற்றதெல்லாம் சுலபமாக வருகிறது.

மே பியு


சாகாயிங்
ஆகஸ்ட் 4

அன்புள்ள மே பியு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

கடிதம் 23ஆம் தேதி வந்தது. பௌர்ணமிக்கு முந்தின நாள் சீலம் எடுத்தேன். சயாஜி வைத்த பெயர் சுசாரி. இனி உறையில் அந்தப் பெயரையே எழுது.

காற்று வீசும்போது தலை குளிர்கிறது. இளஞ்சிவப்புத் துணி உடுத்துகிறோம். விரத நாளுக்கு முன் இரண்டு நாள் வரிசையாகப் போய் அரிசி வாங்குகிறோம். சமைத்த சோறு வாங்குவதில்லை. மதியத்துக்குமேல் உணவு இல்லை. முதல் வாரம் சாயங்காலமானால் அம்மாவின் மொஹிங்கா வாசனை அடித்தது. இப்போது இல்லை.

குன்றின்மேல் காலையில் மூடுபனிக்கு மேலே கோபுர நுனிகள் மட்டும் தெரியும். மணி அடித்துப் புண்ணியத்தைப் பங்கிடும்போது உன் பெயரைச் சொல்கிறேன்.

நன்றாகப் படி.

சுசாரி


ஹென்சடா
ஆகஸ்ட் 27

அன்பு அக்காவுக்கு,

மே பியு வணங்குகிறேன். துறவுப் பெண்களைச் 'சயலே' என்று கூப்பிட வேண்டுமாம், என்னால் முடியவில்லை. நீயும் என்னை எலிக்குட்டி என்று கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்று விதி இருக்கிறதா?

அம்மாவுக்கு முட்டி வலி அதிகம். மற்றபடி சுகம்.

வீட்டுக்கு நீ எழுதும் கடிதத்தை அப்பா படிக்கிறார். அதில் மூடுபனி இருக்கிறது, மணி இருக்கிறது, தலையைப் பற்றி எதுவும் இல்லை. அம்மா ஒவ்வொரு விரத நாளும் நம்மூர்க் கோவிலுக்குப் போய் மூன்று முறை மணி அடித்து, "இந்தப் புண்ணியத்துல எம்பொண்ணு ஞோ ஞோவுக்குப் பங்கு. நல்லபடியா வீடு வந்து சேரணும்" என்று சத்தமாகச் சொல்கிறாள். சுற்றியிருப்பவர்கள் "சாது, சாது" என்று ஆமோதிக்கிறார்கள். நானும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோ சான் லுவின் தன் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டார். மல்லிகைக்குப் பந்தல் போட்டிருக்கிறார். "கொடி வர்றதுக்கு முன்னாடியே பந்தலா?" என்று ஆலைக்காரர்கள் கேலி செய்தால், "பந்தல் இருந்தாத்தான் கொடிக்கு வரத் தோணும்" என்கிறார். அவர் நல்லவர், அக்கா. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாகப் பொய் சொல்லியிருப்பேன்.

எழுத வந்தது வேறு. முந்தாநாள் வீட்டுத் தேங்காயின் காம்பு கழன்று தரையில் விழுந்துவிட்டது. அம்மா பதறிப்போய்ப் புதுத் தேங்காய் வாங்கி, சிவப்புத் துணி சுற்றி, பன்னீர் தெளித்து மாட்டினாள். "வீட்டுச் சாமி மனசு நொந்திருக்காரு. மூத்தது வீட்ல இல்ல, அதான்" என்றாள். காரணம் அது இல்லை. அவர் முன்னால் நெருப்பைக் கொளுத்திக்கொண்டு அம்மாவின் பெயரைத் திருடினவள் நான். இப்போது அம்மா அவரிடம் தினமும் மன்னிப்புக் கேட்கிறாள்.

என்ன செய்யட்டும்? உடனே எழுது.

மே பியு


ஹென்சடா
செப்டம்பர் 19

அக்காவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. சுகமா? காய்ச்சலா? கின் லே, "மீசைக்காரன் கைவிட்டுட்டானா?" என்கிறாள். அவள் முன்னால் அழுதுவிட்டேன். பாவம், வெல்லக்கட்டி வாங்கிக் கொடுத்தாள்.

அம்மா உனக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னது சொன்னபடி கீழே:

"எழுதுடி. ஞோ ஞோ, நல்லாருக்கியா? நான் நல்லாருக்கேன். முட்டி வலிய எழுதாதே. எழுதிட்டியா? அடி. போகட்டும். கல்யாணப் பட்டு வாங்கியாச்சு. ரோஜாப்பூ நிறம். உங்கப்பாக்கு மஞ்சள்தான் வேணுமாம், அவருக்கா கல்யாணம்? பௌர்ணமிக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்துரு. அப்புறம், அங்க காத்து வறண்ட காத்து. தலைமுடி நார் மாதிரி ஆகிடும். தினம் எண்ணெய் வை. கொண்டைக்காரி கேட்டா, சவுரி வேணுமான்னு. எம்பொண்ணுக்கு எதுக்குடி சவுரி, அவிழ்த்தா இடுப்புக்குக் கீழ வரும்னு சொல்லிட்டேன். முனை வெடிச்சிருந்தா மட்டும் லேசா வெட்டிக்கோ. ரெண்டு விரல் அளவு. அதுக்கு மேல வெட்டாதே."

அவ்வளவுதான். நான் ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மே பியு


சாகாயிங்
அக்டோபர் 4

எலிக்குட்டிக்கு,

நான் சுகம். உன்னைத் தனியே விட்டதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நாலு கடிதம் தொடங்கிக் கிழித்தேன்.

அம்மா சொன்னதைப் படித்தேன். 'ரெண்டு விரல் அளவு' என்ற இடத்தில் தாளை மடித்துவிட்டேன். அன்று சாயங்காலம் எங்கள் பெற்றோர் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துப் புண்ணியம் பங்கிட்டார்கள். அம்மா பெயர் வந்தது. எல்லோரும் சாது என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் சயாஜியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "அந்தக் கடிதம் வந்தன்னிக்கே ஒரு சந்தேகம்" என்றார். "நாப்பது வருஷமா சம்மதக் கடிதம் வாங்கறேன். ஒரு திட்டுகூட இல்லாம எந்தத் தாயும் மகளைக் கொடுத்ததில்ல. சந்தேகப்பட்டும் கத்தி வச்சேன். அது என் தப்பு." பிறகு, "பௌர்ணமி வரைக்கும் இரு. அப்புறம் போய் உன் வாயால கேளு. உண்டுன்னா திரும்பி வா. இல்லைன்னா முடி வளர்ந்துரும்" என்றார்.

எதிலிருந்தும் ஓடி வரவில்லை, எலிக்குட்டி. கோ சான் லுவின்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சின்னக் கோவிலின் பின்நடையில் உட்கார்ந்த மாதிரியே இங்கே தினமும் உட்கார முடிகிறது. அது மட்டும்தான் காரணம். சொன்னால் சின்னதாகத் தெரியும் காரணம்.

பௌர்ணமி முடிந்து பத்து நாளில் வரும் கப்பலில் ஏறுகிறேன். நானே சொல்கிறேன். நீ எதுவும் சொல்லாதே. பழி முழுக்க என்னுடையது.

சிங்கம்


ஹென்சடா
அக்டோபர் 23

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். சுகம்தான் என்று நினைக்கிறேன்.

சொல்லிவிட்டேன்.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று நோன்பு முடியும் பௌர்ணமி. தெருவெல்லாம் விளக்கு. வருஷா வருஷம் போல அம்மா அப்பா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கும் நாள். எனக்கு ஒரு யோசனை இருந்தது. 'உடலால், சொல்லால், மனதால் செய்த குற்றமெல்லாம் பொறுத்தருள வேண்டும்' என்று மொத்தமாகத்தானே சொல்கிறோம். எந்தக் குற்றம் என்று யாரும் கேட்பதில்லை. அந்த மொத்தத்துக்குள் எட்டு வரியும் போய்விடும் என்று நினைத்தேன். இதற்காகவே ஒரு மாதம் காத்திருந்தேன்.

வாழைப்பழமும் மெழுகுவர்த்தியும் வைத்து விழுந்தேன். சொன்னேன். அம்மா என் தலையில் கை வைத்து, "எல்லாத்தையும் பொறுத்தேன்டி தங்கம். படிச்சுப் பெரிய ஆளா வா" என்றாள். எழுந்திருக்க முடியவில்லை. எதுவும் போகவில்லை, அக்கா. அப்படியே இருந்தது. அம்மா எதைப் பொறுத்தாள் என்று அவளுக்கே தெரியாதே.

தரையில் கிடந்தபடியே சொன்னேன். முதலில் தோடு, பிறகு கடிதம், பிறகு உன் தலை. ஆறாவது வரியையும் சொன்னேன்.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "மொட்டையா?" என்பது. ஆமாம் என்றேன். "முழுசாவா?" என்றாள். அப்பா எழுந்து வெளியே போய், அணைந்திருந்த விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்ற ஆரம்பித்தார்.

அம்மா நேற்று ராத்திரி சாப்பிடவில்லை. இன்று காலையும் சாப்பிடவில்லை. ஆனால் கடை போட்டாள். பிறகு கோ சான் லுவின் வீட்டுக்குத் தனியாகப் போனாள். திரும்பி வந்து என்னிடம் பேனா கேட்டாள். "சொல்லும்மா, எழுதறேன்" என்றேன். "நீ எழுதினது போதும்" என்றாள்.

அவள் எழுதிக்கொண்டே இருக்கிறாள். எனக்குக் காட்டவில்லை. இந்தக் கடிதத்தை அதற்கு முன் தபாலில் சேர்த்துவிடலாம் என்று பார்க்கிறேன். நீ இன்னும் கப்பலேறாதே.

மே பியு


ஹென்சடா
அக்டோபர் 26

மகள் ஞோ ஞோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். சுகம். என் கையெழுத்து உனக்கு மறந்திருக்கும். எனக்கே மறந்துவிட்டது. மூன்று நாளாக எழுதுகிறேன், வரி கட்டவிழ்ந்த மாடு மாதிரி மேலே போகிறது.

உன் தங்கையை ஒரு அடி அடித்தேன். முதுகில். பிறகு சோறு போட்டேன். அவளும் சாப்பிட்டாள், நானும் சாப்பிட்டேன். நீ பயந்த மாதிரி நான் பட்டினி கிடந்து சாகவில்லை. ஒன்றரை நாள்தான். என்னை அவ்வளவு கெட்டவள் என்று நினைத்துவிட்டாய். கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். கத்தவாவது விட்டிருக்கலாம். அதற்குக்கூட இடம் கொடுக்காமல் போய்விட்டாய்.

சான் லுவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பந்தல் கம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். "முதல்லயே சொல்லியிருந்தா பாகற்காயாவது போட்டிருப்பேனே அத்தை" என்றான். சிரிக்கத்தான் சொன்னான், சிரிப்பு வரவில்லை. மடத்துக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்புகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். "உங்களைக் கேக்கல, புண்ணியம் எனக்கு" என்றான். ஆகவே மூட்டையும் வருகிறது.

உன் சயாஜிக்கு இதைப் படித்துக் காட்டு. முன்னால் போன கடிதத்தில் மகிழ்ந்த மனதோடு கொடுத்ததாக எழுதியிருக்கிறதாம். அது நான் எழுதியது இல்லை. எனக்கு மகிழ்ச்சி இல்லை. இருபத்திரண்டு வருஷம் வாரி முடிந்த தலையை என்னைக் கேட்காமல் யாரோ மழித்திருக்கிறார்கள். கோபமாக இருக்கிறது. நீ திருட்டுக் கழுதை. இந்தக் கோபத்தோடு கொடுக்கிறேன். கோபத்தோடு கொடுத்தால் செல்லும் என்றால் நீ அங்கேயே இரு. இது என் சம்மதம். அப்பாவுக்கும் சம்மதம், கீழே கையெழுத்து போட்டிருக்கிறார். அவருக்குக் கண்ணில் தூசி.

நீ இங்கே வர வேண்டாம். வந்தால் திரும்பப் போக விட மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். நானே வருகிறேன். ஐந்தாம் தேதிக் கப்பல். மே பியுவையும் கூட்டி வருகிறேன், பள்ளிக்கூடத்தில் சொல்லியாகிவிட்டது. கொப்பளித்த உதடோடு அவள் எனக்கு எத்தனை நாள் பொய் சொன்னாள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இனி ராத்திரி எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மதியத்துக்குமேல் நீ சாப்பிடுவதில்லையாமே. கப்பல் காலையில் வந்துவிடும். மீன் சாப்பிடலாமா என்று சயாஜியைக் கேட்டு வை. கூடாதென்றால் மொஹிங்காவைப் பருப்பில் செய்கிறேன்.

துறைக்கு நீ வந்து நிற்க வேண்டாம். அத்தனை மொட்டைத்தலைக்கு நடுவில் உன்னை நானே கண்டுபிடிக்கிறேன்.

அம்மா